மணி அடித்தால் ஜெபம் கலைவதில்லை

காலை ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டு அக்கா உறைமோர் கேட்டு வருவார். எரிச்சல் வரத்தான் செய்யும். பைபிளில் மாற்கு 5-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள்: ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள், அந்த அவசரத்திலும் 12 வருடம் பெரும்பாடோடு (தீராத இரத்தப்போக்கோடு) இருந்த பெண்ணுக்காக இயேசு வழியில் நிற்கிறார்.

பெனடிக்ட் துறவிகளின் ஒழுங்குமுறை, 66-ஆம் அதிகாரத்தில், கதவு தட்டப்பட்டதும் வாயில்காப்பவர் 'தேவனுக்கு ஸ்தோத்திரம்' அல்லது 'ஆசீர்வதியும்' என்று பதில் சொல்லச் சொல்கிறது. அதையே பழகுங்கள். வாசல் மணி அடித்ததும் முதலில் மெதுவாக இதைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். படித்துக்கொண்டிருந்த வசனத்தில் அடையாளக் கயிற்றை வையுங்கள். பாதியில் நின்ற விண்ணப்பத்தைத் துண்டுச்சீட்டில் இரண்டே சொல்லில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மனசு அறைக்குள்ளேயே நிற்கும். வந்தவருக்கு வெறும் 'ம்... ம்...' தான் கிடைக்கும். அன்றாட வேலைகளையும் இடைவெளி இல்லாமல் அடுக்காதீர்கள். நடுவில் 15 நிமிடம் சும்மா கிடக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் தப்புதான். மாற்கு 1-இல் எல்லாரும் தேடியபோது இயேசு அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்றார். முடியாதபோது 'அப்புறம் பார்க்கலாம்' என்று மழுப்பாமல், 'நாலு மணிக்கு வரேன் அக்கா' என்று நேரத்தைச் சொல்லுங்கள். அடுப்பில் பால் இருந்தால், ஸ்தோத்திரத்துக்கு முன்னால் அதை அணைத்துவிடுங்கள்.