பீட்டில்ஸ் போடாமல் போன அல்பத்தை நாமே தொகுக்கலாம்

ஹட்டனில் மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் இதைச் செய்து முடித்தேன். 1970 ஏப்ரலில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் (ஜோன் லெனன், போல் மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார்) பிரிந்தார்கள். அதையொட்டி நால்வரும் தனித்தனியே போட்ட பாட்டுகளைச் சேர்த்தால், அவர்கள் ஒன்றாகப் போட்டிருக்கக்கூடிய அல்பம் ஒன்று கிடைக்கும். பாட்டுகளை வாங்குவதும் கணினியில் ஏற்றுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரே வேலைக்குப் போவோம்.

முதலில் எல்லை போடுங்கள். 1970 தொடக்கம் 1971 ஏப்ரல் வரை வெளிவந்தவை மட்டும். இல்லாவிட்டால் ஜோன் பிறகு போட்ட "இமேஜின்" உள்ளே வந்துவிடும், அப்புறம் அது வெறும் ஹிட் பாட்டுத் தொகுப்பு.

அடுத்தது பங்கு. 1969 செப்டெம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜோன் லெனனே சொன்ன கணக்கு ஒலிநாடாவில் இருக்கிறது: ஓர் அல்பத்தில் தனக்கும் போலுக்கும் ஜோர்ஜுக்கும் நான்கு நான்கு பாட்டு, ரிங்கோவுக்கு இரண்டு. அதையே எடுத்துக்கொண்டேன். ஜோர்ஜின் "ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்", போலின் "எவ்ரி நைட்", "அனதர் டே" மூன்றையும் 1969 ஜனவரி ஒத்திகையிலேயே வாசித்துப் பார்த்தார்கள். ஆகவே அவை கட்டாயம் வேண்டும். "இஸ்ன்ட் இட் எ பிட்டி" எனக்கு உயிர்தான், ஆனால் 7 நிமிடம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். "காட்" பாட்டையும் விட்டேன். பீட்டில்ஸிலேயே நம்பிக்கை இல்லை என்று ஜோன் அதில் பாடுகிறார். அதை எப்படி இந்த அல்பத்தில் வைப்பது? பதிலுக்கு "ஹோல்ட் ஓன்" போட்டேன். மொத்தம் 46 நிமிடம் அளவில் வந்தது.

இனி என்னை இரண்டு நாள் மாட்டிவைத்த இடம்: சத்தம். ஜோர்ஜின் அல்பத்தை அவரோடு சேர்ந்து தயாரித்தவர் பில் ஸ்பெக்டர். கிற்றார் மேல் கிற்றார், எங்கும் எதிரொலி. போல் தன் முதல் அல்பத்தில் பெரும்பகுதியை வீட்டிலேயே தனியாகப் பதிந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு வானொலி மாதிரி இருக்கும். நான் ஓடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில், சத்தத்தைச் சமப்படுத்த "நோர்மலைஸ்" கொடுத்தேன், சரிவரவில்லை. அது ஒலியின் உச்சியை மட்டும் பார்க்கிறது, நம் காதோ சராசரியைக் கேட்கிறது. "லவுட்னஸ் நோர்மலைசேஷன்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் -16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) கொடுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக. ஆனால் போலின் "ஜங்க்" மாதிரி மெல்லிய பாட்டும் அதே அளவுக்கு ஏறிவிடும், முகத்துக்கு நேரே கத்துவது போல இருக்கும். அதை மட்டும் 3 டெசிபல் இறக்குங்கள். வேவ் கோப்பாகவே வைத்து வேலை செய்யுங்கள். எம்பி3 ஆக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி 2 விநாடி போதும். நான் முதலில் 4 வைத்திருந்தேன். நானுஓயா ரயிலில் போட்டுக் கேட்டபோது, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் "ஜங்க்" முடிந்ததா ஓடுகிறதா என்றே தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த பாட்டு தொடங்கியது. அன்றிரவே குறைத்தேன்.

வரிசை உங்கள் விருப்பம். என்னுடையது "இன்ஸ்டன்ட் கர்மா"வில் தொடங்கி "ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்"ஸில் முடிகிறது. "இட் டோன்ட் கம் ஈஸி"யை இரண்டாம் பக்கத்தின் முதலில் வையுங்கள். பாடுவது ரிங்கோ, தயாரித்ததும் கிற்றார் வாசித்ததும் ஜோர்ஜ். பிரிந்த பிறகும் ஒருவர் பாட்டில் மற்றவர் வாசித்திருக்கிறார்கள் என்பது அங்கே காதிலேயே கேட்கும்.

பின்சேர்க்கை: பண்டாரவளையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார், போனில் போட்டால் அல்பம் நான்காக உடைந்து நிற்கிறதாம். பாடகர் பெயர் நான்கு என்பதால் வரும் கோளாறு அது. எம்பி3டேக் மென்பொருளில் "அல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற கட்டத்தைத் தேடி, பதினான்கு பாட்டுக்கும் ஒரே பெயரை எழுதுங்கள்: பீட்டில்ஸ்.