தூண்டில் தடியின் பீங்கான் வளையத்தை நாமே மாற்றுவது எப்படி?

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் தூண்டில் போடும்போது நூல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால், பெரும்பாலும் நாம் தங்கூசி எனும் அந்த நைலோன் நூலையே குறை கூறுவோம். நானும் இரண்டு சுருள்களை மாற்றிய பின்னரே, தடி நுனியில் நூல் ஓடும் பீங்கான் வளையத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்றைக் கண்டேன். இவ்வளையங்கள் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டாலோ சிலிக்கன் காபைட்டாலோ ஆனவை. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 9 அல்லது அதற்கு மேற்பட்ட கடினத்தன்மை கொண்டிருப்பதால் நூல் உரசித் தடம் விழுவது அரிது. ஆனால் சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்தாலே வெடித்துவிடக்கூடும்.

முதலில், ஈர்க்கில் சிறிது பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் மெதுவாகச் சுழற்றுங்கள். பஞ்சிழை சிக்கும் இடமே வெடிப்பு. கண்ணை நம்ப வேண்டாம்.

நுனி வளையமாயின் வேலை எளிது. அதன் உலோகக் குழாயை மட்டும் லைட்டரால் சில விநாடிகள் சூடாக்கி, குறட்டால் நேராக இழுத்தால் கழன்றுவிடும். தடியில் தீ படக்கூடாது. புதியதைச் சூட்டில் உருகும் பசை தடவிச் செருகி, பசை இறுகுமுன் மற்ற வளையங்களோடு நேர்கோட்டில் நிறுத்துங்கள்.

இடை வளையத்துக்குத்தான் பொறுமை வேண்டும். வளையத்தின் உலோகப் பாதங்களைத் தடியோடு பிணைத்திருக்கும் பழைய நூற்கட்டை, பாதத்தின் மேற்புறமாக மட்டுமே பிளேட்டால் கீறி உரியுங்கள். கத்தி தடியில் பட்டால் மீன் இழுக்கும் நாளில் தடி அவ்விடத்திலேயே முறியும். புதிய வளையத்தின் பாத நுனியை அரத்தால் சரிவாக மெலித்து, ஒரு பாதத்தை ஒட்டுநாடாவால் தடியோடு பிணையுங்கள். மெல்லிய நைலோன் நூலைத் தடித்த புத்தகமொன்றின் பக்கங்களுக்கிடையே செலுத்தினால் இழுவிசை சீராக இருக்கும். மற்றப் பாதத்துக்கு 5 மில்லிமீற்றர் முன்பிருந்து, நூலின் முனையை அதன்மீதே ஐந்தாறு சுற்றுகளால் அமுக்கி, பின்னர் நூலையன்றித் தடியை உருட்டிக்கொண்டே இடைவெளியின்றிச் சுற்றுங்கள். முடிவுக்கு ஏழெட்டுச் சுற்றுகள் இருக்கையில் தங்கூசிக் கண்ணி ஒன்றை உள்ளே வைத்து, கடைசியில் நூல் முனையை அதில் கோத்துக் கண்ணியை உருவினால், முனை கட்டுக்குள் ஒளிந்துவிடும். பின்னர் ஒட்டுநாடாவை நீக்கிவிட்டு, அந்தப் பாதத்துக்கும் இதே முறைதான்.

வளையங்களை நேர் பார்த்துச் சரிசெய்த பின், இரு பகுதி எபொக்சியை இரண்டு சிறிஞ்களால் பொதியிலுள்ள விகிதப்படி அளந்து கலந்து நூற்கட்டின் மேல் மெல்லிதாகப் பூசுங்கள். அது வழியாதிருக்கும்வரை தடியைச் சில நிமிடங்களுக்கொருமுறை கால் சுற்றுத் திருப்ப வேண்டும். மார்கழி மழைக்காலத்தில் ஈரக்காற்றால் பூச்சு மங்கும் என்பதால், இவ்வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. 24 மணித்தியாலம் காய்ந்தபின் புதிய வளையத்தையும் பஞ்சால் ஒருமுறை சோதித்துவிட்டு நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்.