பவேரிய ஆல்ப்ஸில் முதல் சிகரம்: யோக்பெர்க் ஏறுவது எப்படி?

வேலைக்கோ படிப்புக்கோ மியூனிக் வந்தவர்கள் பலரும் வானம் தெளிவாக இருக்கும் நாளில் தெற்கே தெரியும் மலை வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதில் நமக்குப் பக்கத்தில் நிற்பவை ஆல்ப்ஸின் முன்மலைகள். பெரும்பாலும் 1500 முதல் 1800 மீட்டர் உயரம். கயிறோ பனிக்கோடரியோ இல்லாமல், வெறும் கால்நடையாகவே உச்சி வரை போய்விடக்கூடிய மலைகள் இவற்றில் நிறைய உண்டு. ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது யோக்பெர்க்தான். கோகெல் ஏரிக்கும் வால்கென் ஏரிக்கும் நடுவே நிற்கும் 1565 மீட்டர் மலை.

1. மலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்றத்தைப் பாருங்கள்

ஒரு சிகரம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது உங்கள் கால்களுக்குத் தேவையில்லாத தகவல். ஜெர்மனியிலேயே உயரமான சுக்ஷ்பிட்சே 2962 மீட்டர். அதன் உச்சிக்கு கேபிள் காரில் உட்கார்ந்துகொண்டே போகலாம். யோக்பெர்க்குக்கு கேபிள் கார் கிடையாது. நடக்கத் தொடங்கும் இடத்திலிருந்து உச்சி வரை எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதுதான் கேள்வி.

கெசல்பெர்க் கணவாய் சுமார் 860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் ஏற்றம் சுமார் 700 மீட்டர். கீழே கோகெல் ஊரிலிருந்தே நடந்தால் அது 950 மீட்டரைத் தாண்டிவிடும். முதல்முறைக்கு 700 போதும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே நல்ல வேலை.

2. நேரக் கணக்கு போடுங்கள்

இந்தப் படிதான் முக்கியம், ஆனால் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜெர்மனியில் மலைப்பாதைகளுக்கு நேரம் குறிக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு: ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் ஏறலாம், 500 மீட்டர் இறங்கலாம், சமதளத் தூரமாக 4 கிலோமீட்டர் போகலாம். உயரத்துக்கு ஒரு நேரம், தூரத்துக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, பெரிய எண்ணுடன் சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும்.

யோக்பெர்க்குக்குப் போட்டுப் பார்ப்போம். 700 மீட்டர் ஏற்றத்துக்கு 2 மணி 20 நிமிடம். தூரம் ஒரு வழிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். அதில் பாதி 22. ஆக, ஏற சுமார் 2 மணி 40 நிமிடம். இறங்க 700 மீட்டருக்கு 1 மணி 24 நிமிடம், கூட அதே 22. சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். உச்சியிலும் வழியிலும் உட்காரும் நேரம் ஒரு மணி. மொத்தம் ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழகியவர்கள் இரண்டே மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். அவர்கள் சொல்வதை நம்பி உங்கள் கடைசி பஸ்ஸை முடிவு செய்ய வேண்டாம்.

கணக்கு போட்டதும் இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே நின்றிருந்தாலும் திரும்புவது என்று. இதை வீட்டிலேயே முடிவு செய்து கூட வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு யாருக்கும் திரும்ப மனம் வராது.

3. நாளையும் வானிலையையும் பாருங்கள்

ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். அதற்கு முன்னால், ஊரில் வெயில் அடித்தாலும் மர நிழலில் இருக்கும் பாதையில் பனி உறைந்து கிடக்கலாம். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமாராக 6 டிகிரி குறையும்; உச்சியில் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கோடையில் பயப்பட வேண்டியது பிற்பகல் இடி மின்னலுக்கு. காலையில் ஒரு மேகம்கூட இருக்காது, மதியத்துக்கு மேல் திரண்டுவிடும். அதனால் சீக்கிரம் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்குவது நல்லது. ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தின் இணையதளத்தில் மலைக்கென்றே தனி வானிலை அறிக்கை இருக்கிறது. முந்தின நாள் மாலையில் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். இடி என்று இருந்தால் வேறு நாள் போகலாம்.

4. பையில் என்ன வைப்பது

அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும் ஷூதான் முதல் செலவு. மற்றதை மெல்ல வாங்கிக்கொள்ளலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், மழை ஜாக்கெட், ஒரு ஸ்வெட்டர், உச்சியில் மாற்றிக்கொள்ள ஒரு டி-ஷர்ட், பிளாஸ்டர், சின்ன டார்ச், சார்ஜ் ஏற்றிய போன், அதில் முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம். சாப்பாட்டுக்கு புளிசாதமோ சப்பாத்தி ரோலோ எதுவானாலும் சரி. ரொக்கமாகக் கொஞ்சம் யூரோவும் வேண்டும், மலைக்கடைகள் பலவற்றில் கார்டு வாங்க மாட்டார்கள்.

5. போய்ச் சேர்வது

மியூனிக்கிலிருந்து கோகெலுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அங்கிருந்து வால்கென் ஏரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி கெசல்பெர்க் கணவாயில் இறங்க வேண்டும். 1786-இல் கவிஞர் கதே இத்தாலிக்குப் போனது இந்தக் கணவாய் வழியாகத்தான். பஸ் அடிக்கடி கிடையாது. திரும்பும் பஸ்ஸின் நேரத்தை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பவேரியா டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க: வார நாட்களில் அது காலை 9 மணிக்குத்தான் செல்லுபடியாகத் தொடங்கும். சீக்கிரம் கிளம்ப சனி, ஞாயிறுதான் வசதி. கணவாயில் பைக்குகள் வேகமாக வரும், சாலையைப் பார்த்துக் கடந்து போங்கள்.

6. ஏறும்போது

மஞ்சள் பலகைகள் வழி காட்டும். பாதைகளைக் கடினத்துக்கு ஏற்ப நிறம் பிரித்திருப்பார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். கறுப்பு இப்போதைக்கு நமக்கு வேண்டாம்.

தொடக்கமே காட்டுக்குள் செங்குத்தாக வளைந்து வளைந்து ஏறும். இங்கே பலரும் வேகமாகப் போய் அரை மணி நேரத்தில் களைத்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால் அடியைச் சின்னதாக்குங்கள். வெளியே தெரியும் வேர்கள் பல காலடிகள் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கும். ஈரமான வேர் மேல் கால் வைக்காதீர்கள், பக்கத்து மண்ணிலோ கல்லிலோ வையுங்கள்.

மேலே போகப் போக இடதுபுறம் மரங்களுக்கு இடையில் திடீரென்று பள்ளம் திறக்கும். அடியில் கோகெல் ஏரி. படம் எடுக்க விளிம்புக்குப் போக வேண்டாம். அந்தப் பக்கம் முழுக்கச் செங்குத்து. குழந்தைகளை உள்பக்கமாகவே நடக்க விடுங்கள்.

காடு முடிந்ததும் புல்வெளி, அதன் மேலே உச்சிச் சிலுவை. முன்மலையின் அருமை அங்கே தெரியும். வடக்கே மலையே கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. தெற்கே திரும்பினால் கார்வெண்டல் மலைகள் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக நிற்கும். இரண்டு ஏரிகளும் வெவ்வேறு மட்டத்தில் தெரியும்: வால்கென் ஏரி கோகெல் ஏரியைவிட 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த வீழ்ச்சியை வைத்துத்தான் 1924 முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். எனக்கு இந்தக் காட்சிக்காகவே மற்ற பெரிய மலைகளைவிட யோக்பெர்க் பிடிக்கும்.

7. இறங்கும்போது

தொடை நடுங்க ஆரம்பிப்பது இறக்கத்தில்தான். கால் இடறுவதும் அப்போதுதான். முட்டியை லேசாக மடக்கி, குறுகிய அடி வைத்து இறங்குங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு இரண்டு ட்ரெக்கிங் கம்புகள் பெரிய உதவி. வந்த வழியே திரும்பலாம். கால் தெம்பாக இருந்தால் தெற்கே யோகர் ஆல்ம் வழியாக வால்கென் ஏரிக்கரைக்கு இறங்கி ஊர்ஃபெல்டில் பஸ் பிடிக்கலாம். அது நீளமான வழி, நேரக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஆல்ம் என்பது கோடையில் மாடு மேய்க்கும் மேட்டுப் புல்வெளி. சீசனில் இங்கே சாப்பிடவும் குடிக்கவும் கிடைக்கும். மாடுகள் சாதுவாகத் தெரிந்தாலும் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், கன்றைத் தொடாதீர்கள். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள்.

8. ஆபத்து வந்தால்

அழைக்க வேண்டிய எண் 112. எந்தப் பாதையில், எந்த உயரத்தில் இருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு அடி என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் டார்ச் ஒளியோ விசிலோ கொண்டு ஒரு நிமிடத்தில் ஆறு முறை, அதாவது 10 நொடிக்கு ஒன்று, சைகை கொடுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் சைகை வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள்.

அடுத்து எங்கே என்று கேட்டால், எதிரே நிற்கும் 1731 மீட்டர் ஹெர்சோக்ஸ்டாண்ட். அங்கே இறங்க கேபிள் காரும் உண்டு. அதிலிருந்து பக்கத்துச் சிகரமான ஹைம்கார்ட்டனுக்குப் போகும் முகட்டுப் பாதை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். கம்பிவடம் பிடித்து நடக்க வேண்டிய குறுகலான இடங்கள் அதில் இருக்கின்றன. இன்னும் சில மலைகள் ஏறிய பிறகு, பாறை காய்ந்திருக்கும் ஒரு நாளில் போங்கள்.