ஆச்சியின் கட்டிலில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வீடுகளுக்குப் போய் நோயாளி பார்க்கிற நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மைரா லெவின் என்ற அமெரிக்க நர்ஸ் நோயாளியின் வெளிச்சூழலை மூன்றாகப் பார்த்தார்: கண், காது, தோல் வழியாக அவருக்கே தெரிவது, கிருமி, கதிர்வீச்சு மாதிரி தெரியாமலே உடம்பைத் தாக்குவது, அப்புறம் மொழி, நம்பிக்கை, பழக்கம் என்று மனசில் இருப்பது. பரீட்சைக்கு மூன்றையும் ஒப்பிப்போம், வேலையில் கோட்டை விடுவது முதலாவதில்தான், ஏனென்றால் நம் கண்ணுக்குத் தெரிகிற அறையேதான் அவருக்கும் தெரிகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு வீட்டில் ஆச்சி வளவுப் பக்கம் (வீட்டின் நடுமுற்றம்) நடக்கவே மாட்டேன் என்றார். பிடிவாதம் என்று நானும் நினைத்தேன். அவர் நாற்காலியில் இருந்தபோது கேட்டுக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தால், முற்றத்துத் திறந்தவெளி வழியாக வரும் வெளிச்சம் ஆத்தங்குடிக் கல் தரையில் பட்டுப் பளபளக்கிறது. கண்புரை உள்ளவருக்கு அது எப்படித் தெரியும்? "தரையெல்லாம் தண்ணியாக் கெடக்குல்ல" என்றார் ஆச்சி. வெயில் இறங்கிய பிறகு, கண்ணாடி போட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன், நடந்தார். (பளபளப்பை மறைக்கப் பாய் விரிக்காதீர்கள், கால் தடுக்கும்.)

படுத்திருக்கும்போதே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். 1859-லேயே நைட்டிங்கேல் சத்தத்துக்கென்று தனி அத்தியாயம் எழுதி, நோயாளி அறையில் குசுகுசுவென்று பேசுவதைக் கண்டித்திருக்கிறார். நம் வீடுகளில் பட்டாலைக் கூடத்தில் நின்று மெதுவாகத்தான் பேசுவார்கள், பாதி காதில் விழும், மீதியை ஆச்சி தானாகச் சேர்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பார்.

"சௌகரியமா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இப்ப என்ன சத்தம் கேக்குது ஆச்சி? என்ன வாடை வருது?" என்று கேளுங்கள்.

இரண்டாவது சூழல் நம் பொறுப்பு: கை கழுவுவது, நெபுலைசர் மாஸ்க்கைச் சுத்தமாக வைப்பது. மூன்றாவதற்கு ஓர் உதாரணம் போதும்: கட்டிலைத் திருப்பும் முன் தலைமாடு எந்தத் திசை என்று கேட்டுவிடுங்கள், வடக்கே தலை வைக்க மாட்டார்கள்.

நோட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாமல் அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். ஆனால் நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று இல்லாததைப் பார்க்கிறார், ஆள் தடுமாறுகிறார் என்றால் வெளிச்சத்தை ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.