முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் முன்

ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது கோட் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு, பங்களிக்க வருகிறவர்களில் பலர் கோட் நன்றாகவே எழுதுவார்கள். அவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று நாம் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டை உட்கார்ந்து படிக்க ஒரு மனிதர் வேண்டும், அவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல் மிச்ச நேரத்தில் படிக்கிறார் என்பது நினைவில் இருப்பதில்லை.

ஒரு வரியில் பிழை என்று வைத்துக்கொள்வோம். < இருக்க வேண்டிய இடத்தில் <= இருக்கிறது. திருத்திச் சேமிக்கிறீர்கள். எடிட்டரோ சேமிக்கும்போதே ஃபைல் முழுவதையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவிடுகிறது: டேப் இருந்த இடமெல்லாம் ஸ்பேஸ், ஒற்றை மேற்கோளெல்லாம் இரட்டை. எந்த வரிகள் மாறின என்று காட்டும் டிஃப்பைத் திறந்தால் நானூறு வரி சிவப்பும் பச்சையுமாக நிற்கும். உண்மையான திருத்தம் அதற்குள் எங்கேயோ. அதைத் தேடிப் பிடிக்கும் பொறுமை யாருக்கு இருக்கும்? கமிட் போடும் முன், அதாவது மாற்றத்தைப் பதியும் முன், கோடின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் கருவியில் டிஃப் பாருங்கள். சம்பந்தமில்லாத வரி ஒன்று மாறியிருந்தாலும் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

கேட்காமலே பெரிய வேலையில் இறங்குவது இதைவிட வலிக்கும். இரண்டு வாரம் உழைத்துப் புதிய வசதி ஒன்றைச் சேர்த்து அனுப்பிய பிறகு, 'இது எங்களுக்குத் தேவையில்லை' என்று பதில் வரலாம். அவர்கள் சொல்வது நியாயம்தான். சேர்த்தால் வருடக்கணக்கில் பராமரிக்கப் போவது அவர்கள். முதலில் திட்டத்தின் பக்கத்தில் பிழைகளையும் யோசனைகளையும் பேசும் இஷ்யூ ஒன்றைத் திறந்து நாலு வரியில் கேளுங்கள்.

எப்படிப் பங்களிப்பது என்று சொல்லும் விதிமுறை ஃபைலைப் படிக்காமல் அனுப்புவதும் சகஜம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எடுத்துக்கொள்ளுங்கள். கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதன் பிரதி இருக்கிறது, ஆனால் அங்கே புல் ரிக்வெஸ்ட் போட்டுப் பயனில்லை. மாற்றங்கள் அடங்கிய பேட்ச் மின்னஞ்சலில் போக வேண்டும், இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று பெயரிட்டு உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியும் வேண்டும்.

எண்ணிக்கைக்காகப் பங்களிப்பது தனி ரகம். அக்டோபரில் இத்தனை புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று நடந்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்டில், அந்த ஆசையில் ரீட்மி என்ற அறிமுக ஃபைலில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்கள் ஏராளம். தொல்லை தாங்காமல், விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அதை நடத்தியவர்கள் அந்த அக்டோபரிலேயே விதியை மாற்றினார்கள். 'இந்த இஷ்யூவை எனக்கு ஒதுக்குங்கள்' என்று எழுதிவிட்டுக் காணாமல் போவதும் கிட்டத்தட்ட அதே சேர்த்திதான். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

ரிவியூவில் குறை சொன்னால் புல் ரிக்வெஸ்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்காதீர்கள். அதே கிளையில், அதாவது அந்த மாற்றத்தைச் செய்த கோட் பிரதியில், திருத்திப் புஷ் செய்தால் (தளத்துக்கு ஏற்றினால்) அந்தப் புல் ரிக்வெஸ்ட்டே புதுப்பிக்கப்படும், பழைய உரையாடலும் கூடவே இருக்கும். இதற்காகவே மெயின் கிளையில் வேலை செய்யாமல் தனிக் கிளை போட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், பதில் வராவிட்டால் தினமும் டேக் செய்ய வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் விட்டு ஒரு முறை நினைவூட்டினால் போதும். அதுவரை, வேறொருவர் சொன்ன பிழை உங்கள் கணினியிலும் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்து, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தப் படியில் வந்தது என்று அந்த இஷ்யூவில் எழுதுங்கள். அதுவும் பங்களிப்புதான்.