சுண்டெலிக்குட்டியின் தண்டுவடத்தில் நடைத்தாளத்தைப் பதிவுசெய்வது எப்படி?

நாலுகால் விலங்கின் ஒவ்வோர் அடியையும் மூளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கால்களை மாறிமாறி மடக்கி நீட்டும் தாளம் தண்டுவடத்திலேயே பிறக்கிறது. பிரிட்டிஷ் உடலியலாளர் கிரஹாம் பிரவுன் 1911-இலேயே பூனைகளில் இதைக் காட்டினார். இன்று இதை நேரில் பார்க்க, பிறந்து 5 நாளுக்குள் இருக்கும் சுண்டெலிக்குட்டியின் வடம் போதும். வயது கூடினால் வடம் தடித்துவிடும், ஆக்சிஜன் உள்ளே வரை எட்டாது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கவே கூடாது.

முதலில், வெளியே எடுத்த வடத்தை உயிரோடு வைத்திருக்கும் கரைசல். 1 லிட்டருக்கு சோடியம் குளோரைடு 7.48 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, சோடியம் பைகார்பனேட் 2.1, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, குளுக்கோஸ் 3.6 கிராம். இதோடு 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 1.25 மி.லி. பிறகு 95% ஆக்சிஜனும் 5% கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவை நன்றாகக் குமிழவிட்டு, கடைசியாகத்தான் 1 மோலார் கால்சியம் குளோரைடு 2.5 மி.லி. ஊற்ற வேண்டும். முந்திக்கொண்டு ஊற்றினால் கால்சியம் படிந்து கரைசல் கலங்கிவிடும். கலங்கியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள், வடிகட்டிச் சமாளிக்க வேண்டாம்.

வடத்தை எடுக்கும்போது கரைசல் ஐஸ் குளிர்ச்சியில் இருக்கட்டும். வயிற்றுப்புறம் மேலே இருக்க, முள்ளெலும்புகளைத் திறந்து, வடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களை நீளமாக விட்டு வெட்டுங்கள். பாதிச் சோதனைகள் கெடுவது இங்கேதான்: கத்தரி எட்டாத வேரை இடுக்கியால் லேசாக இழுத்தாலும் உள்ளே இழைகள் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் வேர் முழுசாகவே தெரியும், சைகை மட்டும் வராது.

அறை வெப்பநிலையில் அரைமணி நேரம் விட்டு, இடுப்புப் பகுதியின் 2-ஆம் வேர்களை இருபுறமும், 5-ஆவதை ஒருபுறமும் உறிஞ்சு எலக்ட்ரோடில் (வேரை உறிஞ்சிப் பிடித்து அதன் மின்சைகையைப் பதிவுசெய்யும் கண்ணாடிக் குழாய்) பிடியுங்கள். முந்தையது பெரும்பாலும் மடக்கும் தசைகளுக்கு, பிந்தையது நீட்டும் தசைகளுக்கு. கண்ணாடி முனை வேரை இறுக்கமாகக் கவ்வ வேண்டும்.

இப்போது நரம்பணுக்களைத் தூண்டித் தாளத்தை எழுப்பும் மூன்று பொருள்களைக் கரைசலில் சேருங்கள்: என்எம்டிஏ 5, செரட்டோனின் 10, டோபமைன் 50 மைக்ரோமோலார். சில நிமிடங்களில் இடது வேர் படபடவென்று துடிக்கும், அப்போது வலது அடங்கியிருக்கும். பிறகு வலது துடிக்கும், இடது அடங்கும். ஒரு சுற்றுக்கு 2–3 விநாடி. அதே பக்கத்து 5-ஆவது வேர், 2-ஆவது ஓயும் இடைவெளியில் எழும். தசையே இல்லாத வடம் நடக்கிறது!

சைகை தாளமின்றி ஓயாமல் இரைந்தால் என்எம்டிஏ அதிகம், குறையுங்கள். டோபமைன் பழுப்பேறியிருந்தால் வீண், அன்றன்றைக்குக் கரையுங்கள்.

இரு பக்கமும் ஒன்றாகவே துடித்தால் கரைசல் வரும் குழாயைச் சந்தேகியுங்கள். கிளைசினை முடக்கும் நஞ்சான ஸ்ட்ரிக்னின், பழைய சோதனையிலிருந்து ஒரு துளி ஒட்டியிருந்தால் எதிர்ப்பக்கத்தை அடக்கும் கிளைசின் தடுப்பு செயலிழந்துவிடும். நடுக்கோட்டைத் தாண்டும் 'வி0' நரம்பணுக்களை நீக்கிய சுண்டெலிகள் முயல்போலப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவியதை 2013-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஸ்ட்ரிக்னினுக்குத் தனிக் குழாயே வைத்துக்கொள்ளுங்கள்.