ஒயின் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன் பக்கம் கப்பல் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போய்வந்த பையன்கள் இப்போது ஒயின் பழகுகிறார்கள். கப்பல் சாப்பாட்டுக் கூடத்தில் சேர்ந்த புதிதில் நாங்கள் செய்த அதே தப்புகளை அப்படியே செய்கிறார்கள். கிளாஸைப் பிடிப்பது, சுழற்றுவது எல்லாம் நாளாக நாளாகத் தானே வந்துவிடும். அதை விடுங்கள்.

ஷோகேஸில் வைப்பது

இந்த ஒன்றில்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பாட்டிலை டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் நிறுத்திவிடுகிறார்கள். விஸ்கி தாங்கும், ஒயின் தாங்காது. அதற்குத் தோது 12 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்த, இருட்டான இடம். நம் கரையில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும்.

தங்கச்சிமடத்தில் ஒரு நண்பர் வீட்டில், கிறிஸ்துமஸுக்கு மகன் கொண்டுவந்த நல்ல கேபர்னே என்ற சிவப்பு ஒயின் பாட்டிலை ஜூன் மாதம் திறந்தோம். தக்கை விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒயின் கசிந்து காய்ந்த பிசுபிசுப்பு. ஊற்றினால் சிவப்பு மங்கிப் பழுப்படித்தது. வேகவைத்த உலர்திராட்சை வாசம். நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒயின்னா இவ்வளவுதானா? நமக்குச் சரிப்படாதுப்பா" என்று கிளாஸை வைத்துவிட்டார். காசு போனதுகூடப் பரவாயில்லை. கெட்டுப்போன பாட்டிலைக் குடித்துவிட்டு, ஒயினே தனக்கு ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாங்கினால் நேரே ஃப்ரிட்ஜில் வையுங்கள். மதுரையிலிருந்து காரில் வந்தால் டிக்கியில் போடாமல், ஏசி படுகிற மாதிரி காலடியில் வையுங்கள். கடையில் வெயில் விழும் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். பழசானால் ருசி கூடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பெரும்பாலான ஒயின் சில வருடங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது.

சிவப்பு ஒயினைக் குளிர்விக்காமல் குடிப்பது

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறைகளை மனதில் வைத்துச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி போதும். நம் ஊர் வெக்கையில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முந்திக்கொண்டு வரும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

தக்கை இல்லாமல் திருகு மூடி என்றால் மட்டமான ஒயின் என்பது

இல்லவே இல்லை.

விலை கூடினால்தான் நல்லது என்று தேர்ந்தெடுப்பது

வேண்டாம். நாசிக்கில் செய்யும் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்று தொடங்கப் போதும்.

மீனுக்கு அழுத்தமான சிவப்பு ஒயின் குடிப்பது

சீலா வறுவலோடு குடித்துப் பார்த்தால் தெரியும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பிவிடும். காரக் குழம்பென்றால் துவர்ப்பும் ஆல்கஹாலும் எரிச்சலை இன்னும் ஏற்றும். நெத்திலி வறுவலுக்குப் புளிப்பு தூக்கலான சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை எடுங்கள், எலுமிச்சை பிழியவே வேண்டியிருக்காது. நண்டு மசாலாவுக்கு லேசாக இனிப்புள்ள வெள்ளை ஒயின், நன்றாகக் குளிர்ந்ததாக. மிச்சமிருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் அது மீன் குழம்புச் சட்டிக்குக்கூட ஆகாது.